கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் ஓடும் நாய்: யாருக்காவது வழி தெரியுமா?

குளுகோர்வாசி:
வணக்கம். எங்கள் வீட்டில் கோப்பி என்று ஒரு நாய் இருக்கிறது. ஒன்றரை வயது, கம்பத்து நாய்தான், அதாவது நாட்டு நாய். நிறத்தைப் பார்த்து மகள் வைத்த பெயர். (திடலில் நின்று நான் ‘கோப்பி, கோப்பி’ என்று கத்தினால், எதிரே ஒட்டுக்கடை அங்கிள் ‘கோப்பி ஓவா, பால் போட்டதா?’ என்று கேட்கிறார். அது தனிக்கதை.)

வீட்டுக்குள் தங்கமான பிள்ளை. ‘கம்’ என்றால் வந்து காலடியில் உட்கார்ந்துகொள்ளும். கேட்டுக்கு வெளியே போனால் யாரோ வீட்டு நாய். போன செவ்வாய் காலை ஏழரைக்குக் காடியை எடுக்கக் கேட்டைத் திறந்தேன், காலுக்கு நடுவில் நழுவி ஓடிவிட்டது. பின்னால் நானும் ஓடினேன். நின்று திரும்பிப் பார்க்கும். நான் நெருங்கினால் மறுபடி ஓட்டம். வேலைக்குப் போட்ட சப்பாத்தோடு லோங்காங் (சாக்கடை) ஓரமாக மூச்சு வாங்க நின்றபோது பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) சன்னலைத் திறந்து ‘சானா, சானா’ (அங்கே, அங்கே) என்று கை காட்டினார். நாய் என்றாலே பத்தடி தள்ளிப் போகிறவர், பாவம். மொத்தம் நாற்பது நிமிடம். வேலைக்கும் தாமதம்.

என் வீட்டுக்காரி ‘வா’ என்கிறாள், மகள் மலாயில் ‘மாரி’ என்கிறாள், நான் ‘கம்’. எதற்கும் வெளியே மரியாதை இல்லை. திமிரா, பழக்கக் கோளாறா?

செந்தூல் பையன்:
அண்ணே, கரண்ட் பட்டை ஒன்று வாங்கிக் கழுத்தில் மாட்டுங்கள். ரிமோட்டை இரண்டு தடவை அமுக்கினால் போதும். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பிகூட உதவ மாட்டார்கள் லா.

பாகான் ஆன்டி:
தம்பி குளுகோர், ஒரே ஒரு கேள்வி. நாற்பது நிமிடம் கழித்து அது எப்படிக் கையில் கிடைத்தது? கிடைத்ததும் என்ன செய்தீர்கள்? சொல்லுங்கள், அப்புறம் பேசுவோம்.

குளுகோர்வாசி:
சொல்ல வெட்கமாக இருக்கிறது ஆன்டி. ஓடிக் களைத்துத் தானாகவே வாலை ஆட்டிக்கொண்டு என்னிடம் வந்தது. இருந்த கோபத்தில் செய்தித்தாளைச் சுருட்டி இரண்டு வைத்தேன். நேராகக் கொண்டுபோய்ச் சங்கிலியில் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

பாகான் ஆன்டி:
அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். வருத்தப்பட வேண்டாம், நானும் செய்திருக்கிறேன். ஆனால் அதன் கணக்கில் அடி விழுந்தது ஓடியதற்காக இல்லை, உங்களிடம் வந்ததற்காக. கடைசியாகச் செய்தது எதுவோ அதற்குத்தான் கூலி.

யோசித்துப் பாருங்கள். வெளியே நீங்கள் ‘கம்’ சொல்வது எப்போது? விளையாட்டு முடிந்து வீட்டுக்குப் போகும்போது, குளிப்பாட்டும்போது, சங்கிலி மாட்டும்போது. உங்கள் நாய்க்கு அந்தச் சொல் புரியாமல் இல்லை. நன்றாகப் புரிந்துவிட்டது, அதுதான் சிக்கல்.

எங்கள் வீட்டில் முன்பு ஒரு கறுப்பி இருந்தாள். தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் வரமாட்டாள். தீபாவளி முறுக்கைப் பழைய மைலோ டின்னில் போட்டு வைப்பேன். அந்த மூடியைக் கரண்டியால் நெம்பும் ‘டொக்’ சத்தம் கேட்டால் எங்கே இருந்தாலும் வந்து நிற்பாள். அதை யாரும் பழக்கவில்லை. அந்தச் சத்தம் ஒரு நாளும் அவளை ஏமாற்றியதில்லை, அந்தச் சத்தத்துக்குப் பிறகு ஒரு நாளும் அடி விழுந்ததில்லை. அவ்வளவுதான். அதே மாதிரி ஒரு சொல்லை நீங்கள் உண்டாக்க வேண்டும்.

‘கம்’மை விட்டுவிடுங்கள், அது கெட்டுப்போன சொல். புதிதாக ஒன்று எடுங்கள், வீட்டில் மூன்று பேருக்கும் அதே சொல். நான் எடுத்தது ‘தோ தோ’. தோட்டத்தில் எங்கள் பாட்டி அப்படித்தான் நாயைக் கூப்பிடுவார். பேச்சில் தற்செயலாக வராது, தூரத்துக்கும் கேட்கும்.

கோழி ஈரலை அவித்துச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கிப் பெட்டியில் வையுங்கள். உப்பு, வெங்காயம் வேண்டாம். வெங்காயம் நாய்க்கு ஆகாது. முதல் மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே, அது பக்கத்தில் நிற்கும்போதே ‘தோ தோ’ சொல்லி உடனே ஒரு துண்டு. எதுவும் செய்யச் சொல்ல வேண்டாம். அப்புறம் நீங்கள் கூடத்தில், மகள் அடுப்படியில், மாறி மாறி. அது சலிக்காமல் ஓடி வந்தால் கேட்டைப் பூட்டிக்கொண்டு வாசலில். திடலெல்லாம் அதற்குப் பிறகு. ஈரல் கொடுக்கும் நாளில் இரவுச் சோற்றைக் குறையுங்கள்.

திடலில் பத்து மீட்டர் கயிறு கட்டி, காலை ஏழேகாலுக்கு, வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். ஒரு தடவைதான் கூப்பிட வேண்டும். வந்ததும் ஒரு கையால் கழுத்துப் பட்டையைப் பிடித்து, மறு கையால் ஊட்டி, ‘போ’ என்று திரும்ப விட்டுவிடுங்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பத்துத் தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை திரும்ப விளையாடப் போக வேண்டும். அப்போதுதான் ‘தோ தோ’ என்றால் வீட்டுக்குப் போவது என்று அதற்குப் படாது. குளிப்பாட்டவோ மருந்து போடவோ கூப்பிடாதீர்கள், நீங்களே எழுந்து போய்ப் பிடியுங்கள்.

மறுபடி தப்பி ஓடினால் துரத்தாதீர்கள். முதுகைக் காட்டி எதிர்ப்பக்கம் ஓடுங்கள், அல்லது தரையில் உட்கார்ந்து புல்லைக் கிளறுங்கள். என்னவோ கிடைத்திருக்கிறது என்று பார்க்கவாவது வரும்.

செந்தூல் தம்பி, கரண்ட் அடிக்கும்போது நாய் அந்த மக்சிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால் வலி அவரால் வந்தது என்றுதான் நினைக்கும். அப்புறம் அவரைக் கண்டாலே உறுமும். யார் பதில் சொல்வது?

செந்தூல் பையன்:
அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை ஆன்டி. வாபஸ்.

ஈப்போ ரவுண்டு:
கயிறு பற்றி ஒன்று சேர்க்கிறேன். கழுத்துப் பட்டையில் கட்டாதீர்கள், நெஞ்சுக்குப் போடும் ஹார்னஸில் கட்டுங்கள். ஓடிவந்து கயிறு இறுகும்போது கழுத்து வெட்டி இழுக்கும். கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது. எனக்கு உள்ளங்கைத் தோல் உரிந்து ஒரு வாரம் சோறு பிசைய முடியவில்லை. கடைசி முனையில் முடிச்சு வேண்டாம், வேரில் மாட்டிக்கொள்ளும்.

குளுகோர்வாசி:
மூன்று வாரம் ஆயிற்று, சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். வீட்டுக்குள் பத்துக்குப் பத்து. திடலில் கயிற்றோடு நேற்றுப் பத்துக்கு எட்டு. மற்ற இரண்டும் லோங்காங்கிலிருந்து பியாவாக் (உடும்பு) ஒன்று ஏறி வந்த நேரம். அப்போது ஈரல் என்ன, முழுக்கோழியைக் காட்டினாலும் திரும்பாது போல. ஒட்டுக்கடை அங்கிள் இப்போது ‘தோ தோ’ என்றால் என்ன தண்ணீர் என்று கேட்கிறார்.

ஒரு சிக்கல். அப்பா பகலெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடி பேச்சுத் துணைக்கு ‘தோ தோ, தோ தோ’ என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். முந்தாநாளிலிருந்து அவர் கூப்பிட்டால் தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது.

பாகான் ஆன்டி:
எட்டு நல்ல கணக்கு. பியாவாக் இருக்கும் இடத்தில் கயிற்றைக் கழற்றும் எண்ணமே வேண்டாம், இந்த வருடம் முழுக்க. அப்பாவைத் தடுக்காதீர்கள், பெரியவர் மனம் நோகும். ஈரல் பெட்டியில் பாதியை அவர் பக்கத்தில் வைத்துவிடுங்கள். கூப்பிடட்டும், ஆனால் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு கொடுக்கட்டும்.