அழிக்க அழிக்க முளைச்ச டூல்பார்: பழைய லப்டொப் அனுபவங்கள்

கொக்குவிலில இருந்து:

மகளின்ர பழைய லப்டொப்போட 2 கிழமை மினக்கெட்டு இண்டைக்குத்தான் ஒரு வழிக்குக் கொண்டுவந்தனான். 2012இல வாங்கினது, வின்டோஸ் 7, 2 ஜிபி ராம். மகள் கம்பஸ் போகேக்க புதுசு எடுத்தபடியால் இதை அம்மாவுக்குக் குடுத்தம். கனடாவில இருக்கிற தங்கச்சியோட முகம் பாத்துக் கதைக்கிறது இதிலதான். ஃபோன் திரை அவவின்ர கண்ணுக்குக் காணாது.

கோயில் நோட்டீஸ் ஒண்டு அடிக்க பாமினி எழுத்துரு தேடி, கண்ட தளத்தில டவுன்லோட் பண்ணினதுதான் வினை. வாசிக்காமல் "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" எண்டு அமத்திப் போட்டன். எழுத்துருவோட மூண்டு சாமான் உள்ளுக்கு வந்திட்டுது: பிரவுசரின்ர மேல்பக்கம் ஒட்டிக்கொள்ளுற ஒரு டூல்பார், ஒரு தேடல் பக்கம், கணினியில நூற்றுக்கணக்கில பிழை இருக்கு எண்டு சிவப்பில காட்டிக் காசு கேக்கிற ஒண்டு. அந்தச் சிவப்பைப் பாத்த அம்மா, தான்தான் ஏதோ பழுதாக்கிப் போட்டன் எண்டு நினைச்சு லப்டொப்பைத் தொடுறதையே விட்டிட்டா. எனக்கு அதுதான் தாங்கேலாமல் போச்சு.

கொன்ட்ரோல் பனலில போய் அன்இன்ஸ்டோல் பண்ணினன். றீஸ்டார்ட் பண்ணினால் மூண்டும் திரும்ப நிக்குது. மூண்டாம் தரம்தான் ஒண்டைக் கவனிச்சன்: பட்டியலில இன்ஸ்டோல் பண்ணின திகதி எண்டு அண்டைய திகதி கிடக்கு. அப்ப நான் அழிச்சது அழிஞ்சுதான் இருக்கு, வேற ஒண்டு புதுசாக் கொண்டுவந்து வைக்குது. பிடிக்க வேண்டியது அதை.

குறிச்ச நேரத்தில தானா வேலையளை ஓட்டுற வின்டோஸின்ர டாஸ்க் ஷெடியூலரில அகப்பட்டுது. லொகின் பண்ணுற ஒவ்வொரு தரமும் ஓடுற ஒரு வேலை. அது காட்டின பாதை ஆப்டேட்டா எண்ட மறைஞ்ச ஃபோல்டருக்குள்ள போச்சு. இன்ரநெற்றை நிப்பாட்டிப்போட்டு, முதல்ல அந்த வேலையை அழிச்சு, பிறகு மூண்டையும் அன்இன்ஸ்டோல் பண்ணினன். இவ்வளவும் சாதாரண மோடிலயே செய்யுங்கோ, அவசியமானது மட்டும் ஓடுற சேஃப் மோடில, புரோகிராமுகளைப் போடுற, எடுக்கிற வின்டோஸ் இன்ஸ்டோலர் ஓடாது. ஃபோல்டர் மட்டும் "பாவனையில இருக்கு" எண்டு அழிய மாட்டன் எண்டுது. லப்டொப் தொடங்கேக்க எஃப்8 அமத்தி சேஃப் மோடுக்குப் போய் அதை முடிச்சன். கடைசியா இப்படியான வேண்டாத சாமானைத் துடைக்கிற, மால்வேர்பைட்ஸின்ர ஆட்வ்கிளீனரை அவையின்ர சொந்தத் தளத்தில எடுத்து ஒருக்கா ஓட்டினன்.

அப்பவும் குரோமைத் திறந்தால் அதே தேடல் பக்கம். டெஸ்க்டொப்பில இருக்கிற குரோம் ஐகனை ரைட் கிளிக் பண்ணி புரொப்பர்டீஸ் பாத்தால், டார்கெட் வரியின்ர கடைசியில அந்தத் தளத்தின்ர முகவரி ஒட்டியிருக்கு! அதை வெட்டின உடன சரி.

சுன்னாகத்தில இருந்து:

அண்ணை, எனக்கும் இதே கதைதான். ஆனா எனக்குத் திருப்பிக் கொண்டுவந்தது, ஒரே கணக்கில இருக்கிற கொம்பியூட்டர் எல்லாத்திலயும் குரோமை ஒரே மாதிரி வைக்கிற குரோம் சிங்க். லப்டொப்பில குரோமோட ஒட்டியிருக்கிற எக்ஸ்டென்ஷனை அழிப்பன், அதே கணக்குத் திறந்திருக்கிற ஒஃபிஸ் கொம்பியூட்டரில இருந்து திரும்ப இறங்கும். சிங்கை நிப்பாட்டி ரெண்டிலயும் அழிச்ச பிறகுதான் விட்டுது.

திருநெல்வேலியில இருந்து:

நான் கொம்பியூட்டர் திருத்துற கடையில நிக்கிறன். "எல்லாத்தையும் அழிச்சிட்டன் அக்கா, இப்ப நெற்றே இல்லை" எண்டு கனபேர் வருவினம். போன மாதம் ஒரு கம்பஸ் பிள்ளை ஃபோர்மற் அடிக்கச் சொல்லிக் கொண்டுவந்தவ, ஆய்வுக்கட்டுரை முழுக்க அதுக்குள்ள, கொப்பியும் இல்லை. நெஞ்சு பதறிப்போச்சு. இப்படியான சில புரோகிராமுகள் நெற்றைத் தங்களுக்குள்ளால எடுக்கிறதுக்கு 127.0.0.1 எண்டு, அதாவது அதே கொம்பியூட்டரின்ர முகவரியில, ஒரு புரொக்சி (இடைவழி) போட்டு வைக்கும். புரோகிராம் போனாலும் அந்த செற்றிங் போகாது. இன்ரநெற் ஒப்ஷன்ஸில கனெக்ஷன்ஸ், லான் செற்றிங்ஸ் எண்டு போய் புரொக்சியில இருந்த சரி அடையாளத்தை எடுத்தன். அவ்வளவுதான், நெற் வந்திட்டுது.

அண்ணை, இன்னொண்டு. வின்டோஸ் 7க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14ஓட நிண்டிட்டுது. குரோமும் அதுக்கு 109ஆம் பதிப்போட நிண்டிட்டுது. அம்மா பாவிக்கிற சாமான், அப்படியே விடாதேங்கோ. ராமை 4 ஜிபி ஆக்கி வின்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் எண்ட இலவச இயங்குதளத்தின்ர எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கோ, அது பழைய கொம்பியூட்டருக்குப் பாரமில்லை. படங்களை முதல்ல பென்ட்ரைவில எடுத்து வையுங்கோ.

கொக்குவிலில இருந்து:

நன்றி தங்கச்சி. புரொக்சி பாத்தன், இல்லை. ராமுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன், ஞாயிற்றுக்கிழமை மின்ட் போடுவம். நேற்றிரவு அம்மாவைப் பக்கத்தில இருத்தி, சிவப்பு ஒண்டும் வராது எண்டு காட்டிக் குடுத்தன். பிறகு தானே மவுஸைப் பிடிச்சு கனடாவுக்கு அழைப்பு எடுத்தவ. முக்கால் மணித்தியாலம் கதைச்சவை.