எலும்பூசிப் பட்டறைக்கு எலும்பை எப்படிப் பக்குவப்படுத்துவது?

வைகைக்கரையாள்:

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரையைச் சேர்ந்தவள். இரண்டு ஆண்டுகளாகத் தெற்கு இங்கிலாந்தில் வசிக்கிறேன். வருகிற அக்டோபரில், இங்குள்ள ஒரு காட்டில் நடைபெறும் இரண்டு நாள் திறந்தவெளிப் பட்டறையில் பெயர் கொடுத்திருக்கிறேன். கற்கால மக்கள் செய்தது போலவே, எலும்பிலிருந்து ஒரு குத்தூசியும் காது வைத்த ஒரு தையல் ஊசியும் செய்வதற்குக் கற்றுத்தருவார்களாம். கீழடியில் கிடைத்த எலும்பு முனைகளைக் கண்ணாடிப் பேழைக்குள் பார்த்த நாளிலிருந்து, அவற்றை எப்படித் தேய்த்திருப்பார்கள் என்ற கேள்வி மனத்தில் இருந்துகொண்டே இருந்தது.

சிக்கல் என்னவென்றால், சுத்தம் செய்த மாட்டுக் கால் எலும்பு இரண்டை அவரவரே கொண்டுவர வேண்டும் என்று அமைப்பாளர் எழுதியிருக்கிறார். எப்படிச் சுத்தம் செய்வது என்று எழுதவில்லை. எந்த எலும்பைக் கேட்டு வாங்க வேண்டும்? பிரஷர் குக்கரில் ஏழெட்டு விசில் விட்டு எடுத்தால் போதுமா? வேறு என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்? என் மாமியார் உடன் இருக்கிறார். அவர் சைவம் என்பதால் வேலையைச் சமையலறைக்கு வெளியே வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது.

கல்லும்எலும்பும்:

வணக்கம் சகோதரி. முதலில் குக்கரை மறந்துவிடுங்கள். காய்ந்த எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கனிமம். எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் நார்ப்புரதம். கனிமம் எலும்புக்குக் கடினத்தைத் தருகிறது. கொலாஜனோ அது முறியாமல் சற்று வளைந்துகொடுக்கும் தன்மையைத் தருகிறது. நம் வீட்டில் ஆட்டுக்கால் சூப் ஆறியதும் உதட்டில் ஒட்டுகிறதே, அந்தப் பசை முழுவதும் கொலாஜன் கரைந்து வந்ததுதான். சூப் நன்றாக அமைந்தால் எலும்பு கெட்டுவிட்டது என்று பொருள். குக்கரில் வெந்த எலும்பு சுண்ணாம்புக் கட்டியைப் போலப் பொடிந்துபோகும். ஊசி முனையைத் தேய்க்கும்போதே உதிர்ந்துவிடும். நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, அவசரத்தில் இப்படி ஆறு எலும்புகளை வீணாக்கிய அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆகவே கொழுப்பு வெளியேற வேண்டும், கொலாஜன் உள்ளேயே இருக்க வேண்டும் என்ற ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால், மற்றவை தாமாகவே விளங்கும். இறைச்சிக் கடையில், மாட்டின் முழங்காலுக்குக் கீழே குளம்புக்கு மேலே உள்ள நேரான ஒற்றை எலும்பைக் கேளுங்கள். அதில் சதை அநேகமாக இராது, சுவர் தடிமனாக இருக்கும், நீளவாக்கில் நேராகப் பிளக்கும். இரண்டு முனைகளையும் கடையிலேயே அறுத்து வாங்கிவிட்டால், மஜ்ஜையைக் குச்சியால் தள்ளி எடுத்துவிடலாம். பின்னர் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, இரத்தச் சிவப்பு நீங்கும் வரை இரண்டு மூன்று நாள்களுக்கு நீரை மாற்றிக்கொண்டே இருங்கள். அதன் பிறகு கொதிக்க விடாமல், ஆவி மட்டும் பறக்கும் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து, ஒட்டியிருக்கும் சவ்வைச் சுரண்டி எடுத்தால் போதும். தோட்டத்தில் ஒரு சிறிய மின்னடுப்பை வைத்துக்கொண்டால் மாமியாருக்கும் தொந்தரவு இல்லை. கடைசியாக, பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் சேர்த்த வெதுவெதுப்பான நீரில் இரண்டு வாரம் கிடக்கட்டும். மேலே மிதக்கும் கொழுப்பை அவ்வப்போது வழித்து எறிந்துவிட்டு நீரை மாற்றுங்கள்.

வெண்மையாக வேண்டும் என்று துணி வெளுக்கும் பிளீச்சை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அது கொலாஜனையே அரித்துவிடும். நிறம் அவ்வளவு முக்கியமென்றால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு நாள் வைக்கலாம், ஆனால் இளமஞ்சள் எலும்புதான் அழகு என்பது என் கருத்து. உலர்த்துவது நிழலில், மெதுவாக நடக்க வேண்டும். வெயிலிலோ அடுப்பிலோ உலர்த்தினால் நீளவாக்கில் வெடிப்பு விழும். நாய்களுக்கென விற்கும் வறுத்த எலும்பும் இதே காரணத்தால் உதவாது.

தோல்வினைஞன்:

மேலே நண்பர் எழுதியதோடு முழுமையாக உடன்படுகிறேன். நான் கைவேலையாகத் தோல் பைகள் தைப்பவன்; மூன்று ஆண்டுகளாக எலும்புக் குத்தூசியும் பயன்படுத்துகிறேன். பட்டறைக்கு முந்தைய இரவு, உலர்ந்த எலும்பை மறுபடியும் தண்ணீரில் போட்டுவிடுங்கள். ஊறிய எலும்பை அறுப்பதும் தேய்ப்பதும் பாதி வேலைதான்.

அங்கே நடக்கப்போவது பெரும்பாலும் இதுதான். இந்த எலும்பின் முன்பக்கத்தில் மேலிருந்து கீழாக இயற்கையாகவே ஒரு பள்ளம் ஓடும். கருவில் இரண்டாக இருந்த எலும்புகள் ஒன்றாக இணைந்த தடம் அது. கற்கால மனிதர்கள் அந்தப் பள்ளத்தையே சக்கிமுக்கிக் கல்லின் கூர்விளிம்பால் ஆழமாகக் கீறி, ஆப்பு வைத்துத் தட்டி, எலும்பைச் சீராகப் பிளந்தார்கள். ஆட்டின் கால் எலும்பிலும் இதே அமைப்பு உண்டு. மூட்டுப் பக்கத்தை அறுக்காமல் விட்டால் அதுவே கைப்பிடியாக அமைந்துவிடும் என்பதால், உலகின் பல புதிய கற்கால ஊர்களில் குத்தூசிகளை அப்படியே செய்திருக்கிறார்கள். பிளந்த சில்லை ஈர மணற்கல்லில் தேய்த்தால், ஒரு மணி நேரத்திற்குள் குத்தூசி தயாராகிவிடும்.

தையல் ஊசி அப்படியல்ல. அதற்கு அரை நாள் ஆகலாம், பொறுமையும் வேண்டும். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, ஊசியை மெலிதாகத் தேய்த்து முடித்த பிறகு காது குத்த முயல்வது. அப்போது தலை பிளந்துபோகும். சில் அகலமாக இருக்கும்போதே, இரண்டு பக்கங்களிலிருந்தும் மாறி மாறிக் கல்முனையைத் திருகித் துளையை முடித்துவிட்டு, அதன் பிறகே சுற்றியுள்ள எலும்பைத் தேய்த்து மெலிதாக்குங்கள். சைபீரியாவின் டெனிசோவா குகையில் 2016ஆம் ஆண்டில் கிடைத்த, ஏறக்குறைய 50,000 ஆண்டு பழமையான, 7.6 சென்டிமீட்டர் நீள ஊசியின் காது இன்றும் உடையாமல் இருக்கிறது. எனக்கு முதல் பத்து ஊசிகளில் மூன்றுதான் தேறின.

எடுத்துச் செல்ல வேண்டியவை: தொடைமேல் விரித்துக்கொள்ளத் தடித்த தோல் துண்டு, கல் உடைக்கும்போது அணியப் பாதுகாப்புக் கண்ணாடி, ஈரத் தரையில் உட்கார நுரைப் பாய், காயத்திற்குப் பிளாஸ்திரி. அக்டோபர் குளிரில் விரல் மரத்துப்போனால் கல் வழுக்கும் என்பதால், விரல்நுனி இல்லாத கம்பளிக் கையுறையும் இருக்கட்டும். நெருப்பருகே உட்காருவீர்கள், நைலான் மேலாடை வேண்டாம், ஒரு பொறி பட்டாலே உருகி ஓட்டை விழும்.

கால்நடைமருத்துவர்:

நலம் சார்ந்த சில குறிப்புகள் மட்டும். எலும்புத் தூள் மிக நுண்மையானது. அதைச் சுவாசிக்கக் கூடாது. பட்டறையை வெளியில் நடத்துவதற்கு நாற்றத்தை விட இதுவே வலுவான காரணம். ஈரமாகவே தேய்ப்பது முதல் பாதுகாப்பு. உலர்ந்த எலும்பை ரம்பத்தால் அறுக்க நேர்ந்தால், நுண்தூசியை வடிகட்டும் எஃப்.எஃப்.பி.2 வகை முகக்கவசம் அணிந்து, காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி உட்காருங்கள். வயலிலோ காட்டிலோ கிடக்கும் எலும்பை எடுக்கவே வேண்டாம். அந்த விலங்கு எதனால் இறந்தது என்று தெரியாது. ஆந்த்ராக்ஸ் நோயின் வித்துகள் மேலே சொன்ன மிதமான சூட்டில் அழியாது. ஆய்வு முடிந்து கடைக்கு வந்த எலும்பில் அந்த அச்சம் இல்லை. டெட்டனஸ் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மான்கொம்பையும் பட்டறையில் தரக்கூடும். அங்கே செம்மான் உதிர்த்த கொம்பில் வேலை செய்வது வழக்கம்தான். ஆனால் அதில் செய்த எதையும் ஊருக்குக் கொண்டுவர எண்ணாதீர்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. காட்டில் தானாக உதிர்ந்த கொம்பு என்று சொல்லியும் புள்ளிமான் கொம்பை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. எந்த மானின் கொம்பு என்று விமான நிலையத்தில் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

வைகைக்கரையாள்:

மூவருக்கும் மிக்க நன்றி. இன்று காலை கடைக்காரரிடம் நேரில் காட்டிக் கேட்டு, நான்கு எலும்புகளை முனை அறுத்து வாங்கிவந்தேன். நாய்க்கா என்று கேட்டார். ஊசி செய்ய என்றதும் பணம் வாங்க மறுத்துவிட்டார். இப்போது அவை மூடியிட்ட வாளியில், தோட்டக் கொட்டகைக்குள் ஊறுகின்றன. எதற்கு என்று மாமியார் விசாரித்தார். ஊசி என்று சொன்னதும், காது பெரிதாக இருந்தால் தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறார். ஒரே ஒரு ஐயம்: செய்து முடித்த ஊசிக்கு எண்ணெய் பூச வேண்டுமா?

தோல்வினைஞன்:

தோலில் குத்தும் குத்தூசிக்குத் தேன்மெழுகு சிறிது தடவலாம். துணி தைக்கும் ஊசிக்கு எதுவும் வேண்டாம். எண்ணெய் துணியில் கறையாகப் படியும். சலித்த சாம்பலை ஈரத் தோல் துண்டில் தொட்டு ஊசியைத் தேய்த்தாலே மினுமினுப்பு வந்துவிடும், பின்னர் தைக்கத் தைக்க அது தானாகக் கூடும். அம்மாவுக்கான ஊசியைச் சற்றுத் தடிமனாகவே விடுங்கள். பெரிய காதுக்கு இருபுறமும் எலும்பு வேண்டும்.