டிராயிங் சரி, கேபிள் வேலை செய்யவில்லை: உங்களுக்கு நடந்ததைப் பகிருங்கள்

ஓசூர் ஒயர்மேன்
ஒரு முனையில் டிபி9 ஃபீமேல் (ஒன்பது பின் கனெக்டர்), மறுமுனையில் போர்டில் சொருகும் மூன்று பின் மோலெக்ஸ் கேகே கனெக்டர், நடுவில் ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) போட்ட மூன்று கோர் கேபிள். பிசியும் போர்டும் பேசும் ஆர்எஸ்-232 சீரியல் இணைப்புக்கு ரொம்பச் சின்ன அசெம்ப்ளி. கஸ்டமர் தரப்பிலேயே ஹார்னஸ் (ஒயர் கட்டு) வரையும் மென்பொருளில் வரைந்து அனுப்பியிருந்தார்கள். வெள்ளை கிரவுண்டு, பழுப்பு ஆர்எக்ஸ் (பிசி வாங்குவது), பச்சை டிஎக்ஸ் (பிசி அனுப்புவது). பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஓரத்தில் கனெக்டர் முகத்தின் படம்: மேலே ஐந்து வட்டம், கீழே நான்கு. நிறம் மட்டும்தான் போட்டிருந்தது, எண் இல்லை.

லைனில் இருந்த அக்கா கனெக்டரைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தார். அப்புறம் அதைத் திருப்பி, ஒயரைப் பற்றவைக்கும் சோல்டர் கப் பக்கத்தை வைத்தார். இரண்டு விதத்திலும் பொருந்தியது. "சார், இது எந்தப் பக்கத்திலிருந்து பார்த்த படம்?" என்று கேட்டார். சூப்பர்வைசர், "கப் பக்கம்தான், போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

படம் சொருகும் பக்கத்திலிருந்து வரைந்தது. அதனால் 5-ஆம் பின்னுக்குப் போக வேண்டிய கிரவுண்டு 1-க்குப் போனது, 2-க்குப் போக வேண்டிய ஆர்எக்ஸ் 4-க்குப் போனது. டிஎக்ஸ் போகும் 3 நடுவில் இருப்பதால் அது மட்டும் எப்படித் திருப்பினாலும் 3தான். பிசியும் போர்டும் ஒரே எர்த்தில் இருந்ததால், பிசி அனுப்பிய கட்டளையை போர்டு ஒழுங்காகக் கேட்டது. பதில் மட்டும் வரவே இல்லை. கேபிள் பாதி வேலை செய்ததால் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. நாள் கணக்கில் புரோகிராமைத் துழாவியிருக்கிறார்கள். அந்த அக்கா கேட்டது எவ்வளவு சரியான கேள்வி! ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

பீப் சத்தம்
ஓசூர் சார், ஒரு விஷயம் ஒத்துவரவில்லை. டிபி9-இல் ஒவ்வொரு கப்புக்குப் பக்கத்திலும் எண் பொடியாக இருக்குமே. மென்பொருளும் பின் டேபிள் தரும். அது இருக்கும்போது படத்தை ஏன் பார்க்க வேண்டும்? படம் அழகுக்கு, டேபிள்தான் வேலைக்கு.

என் கதை டேபிளை நம்பி நடந்தது. கோவைப் பக்கம் ஒரு மில், ஆர்எஸ்-485 சீரியல் இணைப்பில் பேசும் சென்சார், இரண்டு ஜோடி முறுக்கு ஒயர் உள்ள கேபிள். டேபிளில் நான்கு வரி: ஏ, பி என்ற இரண்டு சிக்னல் ஒயருக்கு வெள்ளை, பச்சை; பவருக்குப் பழுப்பு, மஞ்சள். டின் 47100 என்ற ஒயர் நிற முறையில் வெள்ளையும் பழுப்பும் ஒரு ஜோடி, பச்சையும் மஞ்சளும் இன்னொரு ஜோடி. அதாவது ஏ ஒரு முறுக்கில், பி வேறொரு முறுக்கில்; இரண்டும் ஒரே முறுக்கில் இருந்தால்தான் இரைச்சலைத் தாங்கும். மீட்டர் வைத்தால் நான்கும் பீப் அடித்தது, க்யூசி ஓகே. மில்லில் மோட்டார் டிரைவை ஸ்டார்ட் செய்த நொடி ரீடிங் செத்தது. டிரைவை நிறுத்தினால் வந்தது. திரும்ப ஸ்டார்ட் செய்தால் போனது. கனெக்டர் மூடியைக் கழற்றி முறுக்கைப் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வரைந்தவர் மென்பொருளில் நான்கு தனி ஒயராகக் கொடுத்திருந்தார், ஜோடி என்று எங்கேயும் குறிக்கவில்லை.

ஓசூர் ஒயர்மேன்
@பீப் சத்தம், பின் டேபிள் இருந்தது, இரண்டாம் பக்கத்தில். லைனுக்கு பிரிண்ட் போய்ச் சேர்ந்தது முதல் பக்கம் மட்டும். ஒயர் சேர்க்கிறவர் கையில் இருப்பது பொருள். அவர் கண் முதலில் படத்துக்குத்தான் போகும். படத்தை அழகுக்கு என்று சொல்லாதீர்கள்.

கிரிம்ப் செல்வி
எங்கள் இடத்தில் வயர்விஸ் என்ற மென்பொருள். டெக்ஸ்ட் ஃபைலில் கனெக்டர், கேபிள், எது எதோடு சேரும் என்று எழுதினால் படமும் பிஓஎம்மும் (பொருள் பட்டியல்) தானாக வரும். புதிதாகச் சேர்ந்த தம்பி 200 மிமீ கேபிளுக்கு நீளம் என்ற இடத்தில் 200 என்று போட்டார். யூனிட் சொல்லாவிட்டால் அது மீட்டர். பர்ச்சேஸ் அண்ணன் பேப்பரோடு எழுந்து வந்து, "25 கேபிளுக்கு 5000 மீட்டரா செல்வி?" என்று கேட்டார். அவர் கேட்டதால் பிழைத்தோம்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நீளம் எங்கிருந்து எங்கே என்று டிராயிங்கில் அம்புக்குறி போடுங்கள். ஹவுசிங் (கனெக்டரின் பிளாஸ்டிக் உறை) முகத்திலிருந்தா, ஜாக்கெட் (கேபிளின் மேலுறை) வெட்டிய இடத்திலிருந்தா? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 200 மிமீ கேபிளில் நன்றாகத் தெரியும். டாலரன்ஸ் (எவ்வளவு கூடலாம், குறையலாம் என்பது) போடாமல் அனுப்பாதீர்கள். அப்புறம், ஹவுசிங் ஒரு பார்ட் நம்பர் என்றால், ஒயரில் அமுக்கி உள்ளே சொருகும் உலோக டெர்மினல் இன்னொன்று. கேகே ஹவுசிங் காலியாகத்தான் வரும், மென்பொருளில் நீங்கள் சேர்த்தால்தான் டெர்மினல் பிஓஎம்மில் ஏறும். அதுவும் ஒயரின் கனத்துக்குப் பொருந்த வேண்டும். 0.25 சதுர மிமீ ஒயரைப் பெரிய ஒயருக்கான டெர்மினலில் வைத்து அமுக்கினால் பார்க்க நன்றாக இருக்கும், இழுத்தால் கையோடு வந்துவிடும். ஹீட் ஷ்ரிங்க், லேபிள், டை எல்லாவற்றையும் பிஓஎம்மில் ஏற்றுங்கள். எந்த வேலைத்தரம் என்பதையும் எழுதுங்கள். ஐபிசி ஏ-620 (கேபிள் வேலைக்கான தரநிலை) என்றால் எந்த கிளாஸ் என்பதும் வேண்டும், 1, 2, 3 மூன்றுக்கும் எதை ஏற்கலாம் என்பது வேறு வேறு.

அம்பத்தூர் பழசு
செல்வி அம்மா, மூன்று ஒயருக்கு இவ்வளவா? எக்செல்லில் 'எங்கிருந்து, எங்கே, நிறம்' என்று மூன்று நெடுவரிசை போட்டே காலம் தள்ளினோம். ஒரு கேபிளும் திரும்பி வந்ததில்லை.

கிரிம்ப் செல்வி
அண்ணா, உங்கள் எக்செல்லைப் படித்துக் கட்டியவர்கள் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். சந்தேகம் வந்தால் திரும்பிக் கேட்டுக்கொள்வார்கள். இன்று டிராயிங் மட்டும்தான் வெளியே போகிறது, நாம் கூடப் போவதில்லை.

டிரெயின் ஒயர்
ஓசூர் அண்ணன் சொன்ன அதே மாதிரி கேபிள்தான். ஷீல்டு டிபி9 பக்கம் மட்டும் கிரவுண்டில் சேர வேண்டும், கேகே பக்கம் சும்மா விட வேண்டும். மென்பொருள் படத்தில் ஒரு முனைக்குக் கோடு இருந்தது, மறுமுனையில் ஒன்றுமே இல்லை. கட்டியவருக்கு அந்த முனையில் பளபளவென்று ஒரு ஒயர் (ஷீல்டோடு சேர்ந்து ஓடும் டிரெயின் ஒயர்) மிச்சம் நிற்கிறது. அதைக் கிரவுண்டு டெர்மினலிலேயே சேர்த்து அமுக்கி கிரிம்ப் செய்துவிட்டார். கேட்டால், "மிச்சமாகத் தொங்கியது சார், எங்காவது இடித்து ஷார்ட் ஆகிவிடுமே" என்றார். அவர் பயம் நியாயமானது, என்னால் திட்ட முடியவில்லை. கோடு இல்லை என்றால் 'சேர்க்காதே' என்று அவர் எப்படிப் படிப்பார்?

இப்போது 'டிரெயின் ஒயரை ஜாக்கெட் ஓரத்தில் வெட்டி ஸ்லீவ் போடவும்' என்று குறிப்பு சேர்க்கிறோம். நீங்கள் எல்லாம் இதைப் படத்திலேயே காட்ட ஏதாவது குறியீடு வைத்திருக்கிறீர்களா?