சதுரங்கப்பட்டினத்து மஞ்சள் பூ காட்பாடியில் வளருமா?

கேள்வி (காட்பாடி வாசகர்):
சென்ற வாரம் சதுரங்கப்பட்டினம் கடற்கரையில், அடப்பங்கொடிகளுக்கு இடையே மணலோடு மணலாகப் படர்ந்து மஞ்சளாகப் பூத்திருந்த ஒரு செடியைக் கண்டேன். நம் ஊர்க் கிணற்றடியில் முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டுதான் அது என்று உடன் வந்தவர் உறுதியாகச் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு துண்டைப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். இதன் பெயர் என்ன? எங்கள் வீட்டுச் செம்மண்ணில் இதை வளர்க்க இயலுமா?

மறுமொழி (தாவரவியல் ஆசிரியர், வேலூர்):
ஐயா, நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எழுத்தாணிப் பூண்டுக்குப் பொருந்துகின்றன. அப்பெயரை வேறு செடிகளுக்கும் சொல்வதுண்டு என்பதால், லானேயா சார்மென்டோசா என்ற அறிவியல் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் சூரியகாந்திக் குடும்பமே. ஆனால், வெட்டுக்காயப் பூண்டின் பூவில் நடுவே மஞ்சள் தட்டும் அதன் ஓரத்தில் வெளிறிய சில இதழ்களும் இருக்கும். இதிலோ தட்டு என்று தனியாக எதுவுமில்லை, பூ முழுவதும் நாக்குப் போன்ற மஞ்சள் சிறுமலர்கள்தாம், ஒவ்வொன்றின் நுனியிலும் ஐந்து சிறு பற்கள் உண்டு. பச்சை இலையைக் கிள்ளினால் பால் வடியும். சார்மென்டோசா என்ற சொல்லே ஓடுதண்டு உடையது எனப் பொருள்படும்: மணல்மேல் நீளும் தண்டு கணுதோறும் வேர்விட்டு, அங்கங்கே ஓர் இலைக்கொத்தை வைத்துவிட்டு மேலே செல்லும். காற்று மணலை வாரிச் செல்லாமல் தடுப்பதில் அடப்பங்கொடிக்கு இது துணை நிற்கிறது. மாலத்தீவில் இதன் இலையை நறுக்கி, மீனும் தேங்காய்த் துருவலும் சேர்த்து உண்கிறார்கள்.

மறுமொழி (குடியாத்தம் வாசகர்):
வளர்ப்பது பற்றி மட்டும் சொல்கிறேன். நான் ஒரு கணுவைச் செம்மண் தொட்டியில் நட்டேன். ஐப்பசி மழையில் நீர் தேங்கி வேர் அழுகிவிட்டது. அடுத்த முறை, ஆற்று மணலை முக்கால் பங்கு கலந்து, முழு வெயிலில் வைத்தேன். உப்பு எதுவும் இடாமலே பிழைத்தது. நாற்றுப் பண்ணைகளில் மஞ்சள் பூக்கொடி என்று கேட்டால், பெரும்பாலும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டாவைத்தான் தருவார்கள். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகளின் பட்டியலில் உள்ள அதைத் தோட்டத்தில் விடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. காய்ந்த துண்டில் பாலைப் பார்க்க வழியில்லை. உருப்பெருக்கியில் பூவைப் பார்த்தேன், தட்டு இல்லை, நுனிப் பற்கள் ஐந்து. அடுத்த முறை செல்லும்போது, வேர்விட்ட ஒரே ஒரு கணுவை மட்டும் ஈர மணலோடு எடுத்துவரலாம் என்றிருக்கிறேன்.