நேர்காணல் முடிந்தும் நியமனக் கடிதம் வரவில்லை: பணி விலகலாமா?

கேள்வி: தருமபுரியில் வசிக்கும் நான், ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பணிக்காக மூன்று மாதங்களில் ஐந்து சுற்று நேர்காணல்களை முடித்துள்ளேன். ஒவ்வொரு முறையும் விடுப்பு எடுத்து, விடியற்காலைப் பேருந்தில் ஏறி, கோப்பிலுள்ள சான்றிதழ்களின் ஓரம் மடங்கும் அளவுக்கு அலைந்த பிறகும், "தேர்வாகிவிட்டீர்கள், விலகல் கடிதம் கொடுத்துவிடுங்கள்" என்று மனிதவளத் துறையினர் தொலைபேசியில் மட்டுமே சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில் 1: கொடுக்க வேண்டாம், தம்பி. சம்பளமும் சேரும் நாளும் எழுதிய கடிதம் கைக்கு வரட்டும். வாய்ச்சொல்லை நம்பி விலகிய கிருஷ்ணகிரி மைத்துனர் நான்கு மாதம் வருமானமின்றித் தவித்ததைக் கண்ணால் பார்த்தவன் நான்.

பதில் 2: நிரந்தரப் பணியாளருக்குப் பணிக்கொடை (வேலையை விட்டு விலகும்போது நிறுவனம் தரும் தொகை, கிராஜுவிட்டி) கிடைக்கப் பொதுவாக 5 ஆண்டுத் தொடர்பணி தேவை என்பதால், உங்கள் பணிக்காலத்தையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

கேட்டவர்: நான்கரை ஆண்டுகள் ஆகின்றன, ஐயா. கடிதம் கேட்டு இன்றே மின்னஞ்சல் அனுப்புகிறேன்.