ஏற்கெனவே இருக்கிறது என்கிறது, தேடினால் இல்லை: உங்கள் டூப்ளிகேட் கீ அனுபவங்கள்

நள்ளிரவு லாகின்

இதை எங்கேயாவது கொட்டித் தீர்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். பழைய சிஸ்டத்திலிருந்து போஸ்ட்கிரெஸ் என்கிற டேட்டாபேஸுக்கு ஒரு டேபிளை மாற்றினேன். பழைய ஐடிகள் மாறக்கூடாது என்பதால் ஐடியோடு சேர்த்தே காப்பி கமாண்டில் ஏற்றினேன். சோதனைக்காக 43 வரிகள்தான். ஒரு எரரும் வரவில்லை. எண்ணிப் பார்த்தேன், 43. கிளம்பிவிட்டேன்.

மறுநாள் டெஸ்டிங் செய்கிறவர் கூப்பிட்டார். புதிதாக ஒரு வரியைச் சேர்த்தால் டூப்ளிகேட் கீ, அதாவது அந்த ஐடி ஏற்கெனவே இருக்கிறது, என்கிறதாம். நான் உடனே சந்தேகப்பட்டது நான் ஏற்றிய சிஎஸ்வி ஃபைலை. சார்ட் செய்தேன், யூனிக் எடுத்தேன், 43 வரியையும் கண்ணாலேயே பார்த்தேன். எல்லாம் வேறு வேறு எண்கள்தான். இண்டெக்ஸ் கெட்டிருக்குமோ என்று அதைத் திரும்பக் கட்டுகிற ரீஇண்டெக்ஸ்கூடப் போட்டேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சாயங்காலம் அவரே வந்து, "சரியாயிடுச்சு சார், நான் விடாம சேவ் பட்டனை அழுத்திட்டே இருந்தேன்" என்றார்.

நம்பாமல் லாகைத் திறந்தேன். ஐடி 1 ஏற்கெனவே இருக்கிறது. அடுத்த எரர், ஐடி 2 ஏற்கெனவே இருக்கிறது. அப்புறம் 3, 4, 5. ஒரு அழுத்தலுக்கு ஒரு எண் என்று படியேறுகிற மாதிரி 43 வரை போயிருக்கிறது. 44-வது அழுத்தலில் வரி உள்ளே போய்விட்டது.

உங்களில் பாதிப் பேருக்கு இதற்குள் புரிந்திருக்கும். ஐடியை நாமே கொடுத்து ஏற்றினால், அடுத்த ஐடி எண்ணைத் தருகிற சீக்வென்ஸுக்கு அது தெரியாது, அது பாட்டுக்கு 1-லிருந்து தொடங்கும். இன்சர்ட் தோற்று ரோல்பேக் ஆகி எல்லாம் பழையபடி ஆனாலும், சீக்வென்ஸிலிருந்து நெக்ஸ்ட்வேல் எடுத்த எண் திரும்பிப் போகாது, அதனால்தான் ஒவ்வொன்றாக ஏறியது. ஏற்றி முடித்ததும் செட்வேல் போட்டு சீக்வென்ஸை அதிகபட்ச ஐடிக்கு நகர்த்தியிருந்தால் ஒரு வரி வேலை. ஒரு நாள் போனதுகூடப் பரவாயில்லை. பட்டனை அழுத்தியே ஒருவர் தாண்டிவிட்டார், நான் ரீஇண்டெக்ஸ் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதுதான் உறுத்துகிறது. உங்களுக்கு இப்படி ஏதாவது உண்டா?

கமா பிரிப்பான்

என் விஷயத்தில் தப்பு ஃபைலில்தான் இருந்தது. ஆனால் எனக்கு வந்த ஃபைலில் இல்லை, நான் ஏற்றிய ஃபைலில்.

16 இலக்கக் கணக்கு எண்தான் பிரைமரி கீ, அதாவது இரண்டு வரிகளில் ஒன்றாக வரக்கூடாத எண். தேவையில்லாத ஒரு நெடுவரிசையை நீக்கலாம் என்று சிஎஸ்வியை எக்செலில் திறந்தேன். எண்கள் எல்லாம் 'இ+15' என்று சுருங்கித் தெரிந்தன. இது எனக்குத் தெரியாததா என்று ஃபார்மேட்டை நம்பராக மாற்றி, 16 இலக்கமும் விரிந்து நிற்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டு சேவ் செய்தேன். ஏற்றினால் ஆரம்பத்திலேயே மோதல். தரவு அனுப்பியவருக்கு, "உங்கள் ஃபைலில் டூப்ளிகேட் இருக்கிறது, சரிபார்த்து அனுப்பவும்" என்று கொஞ்சம் மிடுக்காகவே மெயில் போட்டேன்.

அவர் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ஸ்கிரீன்ஷாட் மட்டும் வந்தது. அவருடைய பட்டியலில் கடைசி இலக்கம் 1, 2, 3, 4 என்று போகிறது. என்னுடையதில் மேலிருந்து கீழ்வரை எல்லாமே 0.

எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும், மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். நான் ஃபார்மேட் மாற்றுவதற்கு முன்பே, திறந்த நொடியிலேயே அது போய்விட்டது. மன்னிப்பு மெயிலை நாலு தடவை எழுதி அழித்தேன்.

சட்டுபுட்டு

இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு தலைவலி? மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் என்றால் இன்சர்ட் இக்னோர், போஸ்ட்கிரெஸ் என்றால் ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங். மோதுகிற வரி விலகிவிடும், மற்றது ஏறிவிடும். பல வருடமாக அப்படித்தான் செய்கிறேன், ஒரு பிரச்சினையும் வந்ததில்லை.

பழைய டிபிஏ

சட்டுபுட்டு, பிரச்சினை வந்திருக்கும், உங்கள் காதுக்கு வரவில்லை, அவ்வளவுதான். கமா பிரிப்பானின் ஃபைலை உங்கள் வழியில் ஏற்றிப் பாருங்கள். கடைசி இலக்கம் மட்டும் மாறுகிற பத்துக் கணக்குகளில் ஒன்று ஏறும், ஒன்பது சத்தமில்லாமல் காணாமல் போகும். அவருக்கு வந்த எரர் அவரைக் காப்பாற்றியிருக்கிறது. இன்னொன்று, இன்சர்ட் இக்னோர் டூப்ளிகேட்டை மட்டும் விழுங்குவதில்லை. நீளம் கூடிப்போன எழுத்தை வெட்டி ஏற்றும், செல்லாத மதிப்பைத் தனக்குத் தோன்றியபடி மாற்றி ஏற்றும். எல்லாம் வார்னிங்கோடு சரி.

என் கதை சின்னது. பொருள் பட்டியலில் 12 வரிகளுக்கு விலை மாற்ற வேண்டும். நேராக ஏற்றினால் 1062, அதாவது மைஎஸ்கியூஎல்லின் டூப்ளிகேட் எரர், வருகிறதே என்று ரீப்ளேஸ் இன்டு போட்டேன். பெயரைப் பார்த்து அது அப்டேட் என்று நினைத்துக்கொண்டேன். 12 வரிக்கு '24 வரிகள் பாதிக்கப்பட்டன' என்று திரையில் வந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அது பழைய வரியை டெலீட் செய்துவிட்டுப் புதியதை இன்சர்ட் செய்கிறது, அதனால்தான் 24. ஆர்டர் டேபிளில் ஆன் டெலீட் கேஸ்கேட் இருந்தது, அதாவது பொருளை அழித்தால் அதன் ஆர்டரும் கூடவே அழியும். அந்த 12 பொருளுக்கும் அதுவரை வந்த ஆர்டர் விவரங்கள் மொத்தமும் போய்விட்டன. கேஸ்கேடில் போனவை அந்த 24-இல் சேராது என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மெயின் டேபிளில் நேராக ஏற்றாதீர்கள். கீ, கன்ஸ்ட்ரெயின்ட் எதுவும் இல்லாமல், எல்லா நெடுவரிசையும் டெக்ஸ்டாக, இடையில் நிறுத்திவைக்க ஒரு ஸ்டேஜிங் டேபிள் வைத்து அதில் கொட்டுங்கள். ஃபைலில் அது எத்தனையாவது வரி என்பதையும் கூடவே வையுங்கள், பின்னால் யாரிடமாவது விளக்கம் கேட்கும்போது அதுதான் கைகொடுக்கும். அப்புறம் கீயின் மேல் குரூப் பை போட்டு, ஒன்றுக்கு மேல் வருபவற்றை எடுங்கள். இவை ஃபைலுக்குள்ளேயே மோதுகிறவை. அடுத்து மெயின் டேபிளோடு ஜாயின் போடுங்கள். இவை ஏற்கெனவே உள்ளே இருப்பவற்றோடு மோதுகிறவை. இரண்டும் வேறு வேறு நோய், ஒரே மருந்து கொடுக்க முடியாது. போஸ்ட்கிரெஸில், மோதினால் பழைய வரியைத் திருத்துகிற ஆன் கான்ஃப்ளிக்ட் டூ அப்டேட் போட்டாலும், ஒரே கீ ஒரே கட்டளைக்குள் இரண்டு முறை வந்தால், ஒரு வரியை இரண்டாம் தடவை தொட முடியாது என்று அது நின்றுவிடும்.

மோதுகிற ஜோடியில் கீ தவிர மற்றதும் அப்படியே ஒன்றாக இருந்தால், பெரும்பாலும் யாரோ அதே ஃபைலை இரண்டு தடவை ஏற்றியிருப்பார்கள். மற்றது வேறாக இருந்தால் கீயே தப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கலாம், அங்கே நிறுத்திவிட்டு ஆளைக் கேளுங்கள். முன்னால் பூஜ்யம் போன எண்கள், கடைசியில் ஒட்டிக்கொண்ட இடைவெளி, பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றே என்கிற கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி), இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். ஆரக்கிள் ஆட்கள் இதைப் படித்தால், ஏற்றும் கருவியான எஸ்கியூஎல் லோடரில் டைரக்ட் பாத் முறையை வைத்தால் டூப்ளிகேட்டும் ஏறிவிடும், கடைசியில் யூனிக் இண்டெக்ஸ்தான் அன்யூசபிள் என்று படுத்துக்கொள்ளும். ஏறிவிட்டதே என்று கிளம்பிவிடாதீர்கள்.

சட்டுபுட்டு

பத்து வரி ஃபைலுக்கு ஸ்டேஜிங் டேபிளா?

பழைய டிபிஏ

நான் சொன்னதும் 12 வரிதான்.

கோடிக்கு மேல்

என்னுடையதில் எரர் என்றைக்கும் ஒரே எண்தான். 2147483647. மைஎஸ்கியூஎல், ஐடி தானே ஏறிக்கொண்டு போகிற ஆட்டோ இன்கிரிமென்ட், சாதாரண இன்ட் (முழு எண்). எந்த ஸ்கிரீனிலிருந்து எதைச் சேர்த்தாலும் டூப்ளிகேட் என்ட்ரி 2147483647. டேபிளில் இருப்பதோ சில ஆயிரம் வரி. இன்ட்டின் உச்ச எண் அது என்று தெரியும், ஆனால் சில ஆயிரத்திலிருந்து 214 கோடிக்கு எப்படித் தாவும்?

முந்தின நாள் நான்தான் 600 தொலைபேசி எண்களை லோட் டேட்டா லோக்கல் கமாண்டில் ஏற்றியிருந்தேன். நெடுவரிசைப் பட்டியலைக் கொடுக்க மறந்துவிட்டேன். ஃபைலில் முதலில் இருந்த 10 இலக்க எண் நேராக ஐடிக்குள் போயிருக்கிறது. கொள்ளாததால் உச்ச எண்ணாக அமுங்கியிருக்கிறது. 600-உம் அதே எண்ணாக அமுங்கியதில் முதல் வரி ஏறியது, மற்ற 599 டூப்ளிகேட் என்று தள்ளப்பட்டன. அதற்கு மேல் எண் இல்லாததால், பிறகு சேர்த்தவையும் அதிலேயே மோதின. லோக்கல் என்று போட்டால் இதெல்லாம் எரராக வராது, வார்னிங்காக வரும். வார்னிங்கை யார் படிக்கிறார்கள்? அந்த ஒற்றை வரியை அழித்து, ஆல்டர் டேபிளில் ஆட்டோ இன்கிரிமென்டைக் கீழே இறக்கியதும் உயிர் வந்தது. பழைய டிபிஏ சொல்வதோடு நூறு சதவீதம் ஒத்துப்போகிறேன், அந்த டீயையும் சேர்த்து.

ஒற்றைக்கொம்பு

எனக்கு எல்லோருக்கும் நேரெதிர். மோத வேண்டியது மோதவில்லை.

தமிழ்ச் சொற்பட்டியல், தலைச்சொல்தான் பிரைமரி கீ. (தலைச்சொல்லைக் கீயாக வைக்கலாமா என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம், டேபிள் எனக்கு முன்பே அப்படித்தான் இருந்தது.) போஸ்ட்கிரெஸில் ஏற்றினேன், சுத்தமாக ஏறியது. தேடிப் பார்த்தால் 'கொடி' இரண்டு தடவை வருகிறது. கீ இருக்கிறது, கன்ஸ்ட்ரெயின்ட் இருக்கிறது, ஆனாலும் அடுத்தடுத்து இரண்டு கொடி. கண்ணுக்கு ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. இடைவெளி ஒட்டியிருக்குமோ என்று டிரிம் போட்டேன், இல்லை. கடைசியில் நீளத்தைக் கேட்டேன். ஒன்று 4, இன்னொன்று 5.

'கொ' என்பதை க-வோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம், க-வோடு ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். யூனிகோடில் இரண்டும் சமம், திரையில் இரண்டும் ஒன்றே. ஆனால் டேட்டாபேஸ் பார்ப்பது பைட்டைத்தான். இரண்டு பேர் இரண்டு கீபோர்டில் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். போஸ்ட்கிரெஸ் 13-இலிருந்து, இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்குகிற நார்மலைஸ் ஃபங்ஷன் இருக்கிறது. மொத்தத்துக்கும் அதைப் போட்டு அப்டேட் செய்ததும் 23505, டூப்ளிகேட் கீ. அந்த எரரைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்று ஒரு நாள்தான்.

சந்தோஷம் அஞ்சு நிமிஷம். ஒன்றை அழிக்கலாம் என்று பார்த்தால், ஒரு கொடியின் பொருள் படரும் தாவரம், இன்னொன்றின் பொருள் கம்பத்தில் ஏற்றுவது. எதை அழிப்பேன்?

டைம்அவுட்

சின்ன அனுபவம். 5000 வரி ஏற்றும்போது பாதியில் கனெக்ஷன் டைம்அவுட். திரும்ப ஓட்டினால் டூப்ளிகேட் கீ. உண்மையில் முதல் தடவையே கமிட் ஆகி எல்லாம் பதிந்துவிட்டது, பதில்தான் எனக்கு வந்து சேரவில்லை. அது புரியாமல், இந்தக் கீதானே தொல்லை என்று பிரைமரி கீயை ஆட்டோ நம்பராக மாற்றிவிட்டு ஓட்டினேன். அழகாக ஏறியது. 10000 வரி.

சட்டுபுட்டுவின் டூ நத்திங் இந்த ஒரு இடத்தில் எனக்குச் சரியாக இருந்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

சட்டுபுட்டு

அப்பாடா, ஒருவராவது சொன்னீர்களே.

நல் மதிப்பு

முதல் பதிவுக்கு ஒரு திருத்தம். டேபிள் காலியாக இருந்தால் அதிகபட்ச ஐடி நல் (மதிப்பே இல்லை) என்று வரும், செட்வேலுக்கு நல் கொடுத்தால் அது ஒன்றுமே செய்யாது, எரரும் தராது. கோஅலெஸ் போட்டு, காலி என்றால் 0 என்று எடுத்து, 1 கூட்டி, செட்வேலுக்கு மூன்றாவது மதிப்பாக ஃபால்ஸ் கொடுங்கள், அடுத்து வருவது அந்த எண்ணாகவே இருக்கும். சீக்வென்ஸின் பெயரையும் நினைவிலிருந்து அடிக்காதீர்கள், டேபிளின் பெயரை மாற்றினாலும் சீக்வென்ஸ் பழைய பெயரிலேயே இருக்கும். டேபிளையும் நெடுவரிசையையும் சொன்னால் சீக்வென்ஸின் பெயரைச் சொல்கிற ஃபங்ஷன் போஸ்ட்கிரெஸிலேயே இருக்கிறது. இதைச் செய்யும் நேரத்தில் வேறு யாரும் இன்சர்ட் செய்துகொண்டிருக்கக் கூடாது. நீங்கள் அதிகபட்சத்தைப் படித்த பிறகு ஒருவர் உள்ளே நுழைந்தால் மறுபடி அதே கதைதான்.

என் அனுபவமா? காலி டேபிள்தான், மேலே சொன்னேனே.

நள்ளிரவு லாகின்

நல் மதிப்பு சொன்னபடி ஸ்கிரிப்டின் கடைசி வரியை மாற்றிவிட்டேன், நன்றி. கோடிக்கு மேல், உங்கள் 599-ஐப் படித்துவிட்டு என் பழைய லாகுகளில் வார்னிங்கைத் தேடினேன், அதைத் தனியாக எழுதுகிறேன். ஒற்றைக்கொம்பு, இரண்டு கொடியையும் என்னதான் செய்தீர்கள் என்று சொல்லாமல் போய்விட்டீர்களே?

இன்று காலை இன்னொரு டேபிளில் சேவ் ஆகவில்லை என்று அதே டெஸ்டர் சொன்னார். போய்ப் பார்த்தால் இந்த முறை அது பர்மிஷன் எரர், சீக்வென்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அவர் 17-வது தடவை அழுத்திக்கொண்டிருந்தார்.