வேலையோட எம்.காம் படிச்சு முடிச்சவங்க வழி சொல்லுங்க

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். கங்கைகொண்டான் சிப்காட்ல ஒரு கம்பெனியில கணக்கு பாக்கேன். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல தபால் வழியா எம்.காமும் படிக்கேன். மாசாமாசம் 11, 20 தேதியில ஜிஎஸ்டி ரிட்டர்ன். அந்த வாரமெல்லாம் புத்தகத்தைத் தொடவே முடியல. மார்ச் 31 கணக்கு முடிச்சு மூச்சு விடுறதுக்குள்ள ஜூன் தேர்வு வந்து நிக்கும். அசைன்மெண்டுக்கு 30 சதவீதம் மார்க், அதையும் கைப்பட எழுதணும்.

அம்பாசமுத்திரத்துல இருந்து காலை ரயில்ல வாறேன். உக்கார இடம் கிடைக்காது. ஒரு கையில கம்பி, ஒரு கையில போன்னு பாடத்தைப் புரட்டுதேன். ராத்திரி சாப்பிட்டு உக்காந்தா கண்ணு சொருகுது. ஆனா படிப்ப விட மனசே இல்ல.

வேலை பாத்துக்கிட்டே முடிச்சவங்க எந்த நேரத்துல படிச்சீங்க? ஒரு தேர்வுக்கு எத்தனை தாள் எழுதினா தாங்கும்? பாளையங்கோட்டை பக்கம் ஞாயித்துக்கிழமை சேர்ந்து படிக்க ஆள் இருந்தா சொல்லுங்க, கண்டிப்பா வாறேன்.